இருபத்திரண்டு வயசுப் பல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் தங்கச்சி குட்டியும் சுகந்தானே? எனக்குக் கடைவாயில் பல் முளைக்கிறது, உயிர் போகிற வலி. மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. தையல் ஆலை வேலையிலிருந்து நிறுத்தி, பெண்கள் விடுதியில் வைத்திருக்கிறார்கள். வேளைக்குச் சோறு வருகிறது.

ஆலைக்குச் சோதனைக்கு வந்த அதிகாரி என் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, பல் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, "இருபத்திரண்டு முடிஞ்சிடுச்சு" என்று சத்தியம் செய்தேன். அந்த அம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். "கடைசிப் பல்லுக்கு வேர் பாதிதான் வளர்ந்திருக்கு. பதினாறோ பதினேழோ, சரியா சொல்ல முடியாது. ஆனா இருபத்திரண்டு இல்லவே இல்லை. யாரும்மா உன் வயசை ஏத்தினது?" என்றார்.

என்னை வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப, பாஸ்போர்ட்டில் பொய்த் தேதி போட்டது நீங்கள். திருடி மாதிரி தலைகுனிந்து நின்றது நான். அப்போதும், "தெரியாது" என்றுதான் சொன்னேன். அதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. உங்களை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் கிராம்பு அனுப்புங்கள். நான் பிறந்த தேதியையும் அவளிடமே கேட்டு எழுதுங்கள். இங்கே யார் கேட்டாலும் பாஸ்போர்ட் தேதிதான் என் வாயில் வருகிறது.

கடிதத்தை வாங்கிப்போக ஆள் வந்து நிற்கிறார். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே. நாளைக்கு அவள் வயசையும் ஏற்றலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்கள் மூத்தவள்