நீ கேட்ட ‘பழக்கம்’ இனி இல்லை

அறிவுக்கும் முன்னே அருளாய் நிற்பவன், கேளாமலே கொடுப்பவன், அவன் திருவடியைப் பணிந்து தொடங்குகிறேன். எழுதும் இந்தக் கை எழுதுவதோடு நிற்கவேண்டும் என்பதே அவனிடம் இன்று நான் வைக்கும் விண்ணப்பம்.

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் உடம்பளவில் சுகம். அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் நலமா என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே செல்வது என் வாடிக்கை; இம்முறை அந்தக் கேள்வியைத் தாண்ட முடியவில்லை, ஆகவே மெய்யாகவே கேட்கிறேன், மெய்யான பதில் வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி தணிந்திருக்கிறது, மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி நின்றுகொண்டு நான் வந்து சேரும்வரை கைகட்டி வேடிக்கை பார்க்கிறாள். பட்டறையை மாப்பிள்ளை செவ்வனே நடத்துகிறார், புதிய கடைசல் லேத் ஒன்று இறக்கியிருக்கிறார், உன் தங்கைக்கு அதன்மேல் பொறாமை, என் முகத்தைப் பார்த்து இவர் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை என்கிறாள். எதை அளந்தாலும் ஒரு நூல் குறைகிறது என்று சொல்லிச் சொல்லியே ‘நூல்’ என்று பெயர் வாங்கிய நம் பழைய டர்னர் இன்னும் வேலைக்கு வருகிறார், அவரைப்பற்றிப் பின்னால் எழுதவேண்டியிருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என் குரல் உயர்ந்துவிடும், நீயும் சரிப்பா சரிப்பா என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தில் குரல் உயராது, நீயும் பாதியில் வைக்க முடியாது.

உன் கடிதமும் அதனுடன் நீ அனுப்பிய நேர அட்டவணையும் வந்து சேர்ந்தன. விடிகாலை நாலே முக்காலுக்கு எழுந்திருத்தல், குளிர்ந்த நீரில் குளியல், செய்யுள் பத்து, ஓட்டம், கணக்கு, அதன்பின் பால். ஏழு வயதுக் குழந்தைக்கு நாளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, முப்பத்தொரு நாள் ஒருநாளும் தவறவில்லை என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தாய். நல்ல பழக்கம் சிறுவயதில் படிந்தால்தான் மனிதன் வளர்வான், நீங்கள் என்னை வளர்த்தபடியே வளர்க்கிறேன் அப்பா என்றும் எழுதியிருந்தாய். கீழே போகிறபோக்கில் இன்னும் ஒரு வரி: இங்கே வாங்கும் பிளாஸ்டிக் அளவுகோல் இரண்டுமுறை ஒடிந்துவிட்டது, நம் வீட்டுப் ‘பழக்கம்’ பரண்மேல் இருந்தால் அனுப்பி வையுங்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், முதல்முறை படித்தபோது எனக்கு நெஞ்சு விம்மியது. பெருமையால் விம்மியது. காய் நறுக்கிக்கொண்டிருந்த உன் அம்மாவிடம் கொண்டுபோய் உரக்கப் படித்தும் காட்டினேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை. அனுப்புங்க, நல்லா பார்சல் கட்டி அனுப்புங்க, அப்படியே அவன் இடது காதையும் எங்க வெச்சீங்கன்னு தேடி அதுல போட்டு அனுப்புங்க என்றாள். நாற்பத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் அவள் என்னை எதிர்த்துப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். நான் நாற்காலி போட்டுப் பரணில் ஏறி, ‘பழக்கம்’ என்ற அந்தத் தண்டை இறக்கினேன்.

மகனே, அந்தத் தண்டை நான் எப்படிச் செய்தேன் என்பது உனக்குத் தெரியாது. பட்டறையில் மீந்த அலுமினியத் தண்டு ஒன்றை ஒருநாள் முழுதும் லேத்தின் கவ்வியான சக்கில் பூட்டிக் கடைந்தேன். வீசும்போது நுனிப்பக்கம் கனம் நிற்கும்படி பிடிப்பக்கத்தை மெலிதாக்கினேன். வேர்த்த கையில் நழுவக்கூடாதென்று பிடியில் சொரசொரப்பு ஏற்றினேன். கடைசியில் சிற்றுளியால் ‘பழக்கம்’ என்று கொத்தினேன், அடிக்குப் பெயர் வைத்துவிட்டால் அது அடி ஆகாது என்பதுபோல. பழக்கத்தை எடுத்துட்டு வா என்று நான் சொல்வேன், நீயே போய் எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டுவாய். கொத்திய ழகரத்தின் ஓரத்தில் உலோகம் கிளம்பி முள்போல நின்றது. என் பட்டறையிலிருந்து பிசிறோடு ஒரு துண்டு வெளியே போனதில்லை, விரலால் தடவிப் பார்க்காமல் எதையும் நான் கொடுத்ததில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் நான் அரம் போடவில்லை. மறந்துபோய் அல்ல. இருக்கட்டும் என்று விட்டேன்.

உனக்கு ஒன்பது வயது. நான் விடியலில் ஓதும் துதிப்புத்தகத்தில் பதினேழாம் பாட்டின் நாலாம் அடி. ‘அறிவும் அருளும்’ என்று நான் சொல்லிக்கொடுத்ததை நீ ‘அருளும் அறிவும்’ என்று மாற்றிச் சொன்னாய். முதல்முறை முழங்காலில் அடித்தேன். இரண்டாம்முறை முதுகில். மூன்றாம்முறையும் நீ அப்படியே சொன்னபோது எங்கே அடிக்கிறேன் என்று நான் பார்க்கவில்லை. ழகரத்துப் பிசிறு உன் காதுமடலைக் கிழித்தது, தண்டின் கனம் உள்ளே இருந்த சவ்வை உடைத்தது. இரத்தம் கழுத்து வழியே இறங்கித் திறந்திருந்த புத்தகத்தில் சொட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா, உனக்குத் தெரியும், நீதான் அங்கே இருந்தாய். பாட்டை முடி என்றேன். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, அறிவும் அருளும் என்று என் சொற்படி சொல்லி முடித்தாய். மருத்துவர் கேட்டபோது படியில விழுந்துட்டேன் என்று நீயே முந்திக்கொண்டு சொன்னாய். கெட்டிக்காரப் பிள்ளை என்று அப்போதும் உள்ளுக்குள் மெச்சினேன். அன்றிலிருந்து யார் பேசினாலும் தலையை இடப்பக்கம் திருப்பி வலது காதைக் கொடுத்துக் கேட்கிறாய், பணிவு என்று ஊரார் சொன்னார்கள், நானும் ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வெளியே போயிருந்தபோது மருமகள் போன் செய்து பேத்தியைத் திரையில் காட்டினாள். முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது, சிரிக்கும்போது காற்று வருகிறது. விழுந்த பல்லு திரும்ப வருமா தாத்தா, உங்களுக்கு ஏன் வரலை என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே, நன்றாயிரு கண்ணு என்று வாழ்த்தக் கையை உயர்த்தினேன். அவ்வளவுதான். குழந்தை இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்துவிட்டது. எத்தனையோ கடல் தாண்டி, ஒரு கண்ணாடித் திரைக்கு அப்பால் இருக்கிற கிழவனின் கைக்கு அது குனிந்தது. குனிந்தபடியே பாட்டைச் சொல்லத் தொடங்கியது, யாரும் கேட்கவில்லை, தானாகவே, மூச்சுவிடாமல், பதினேழாம் பாட்டு. மருமகள் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். அவள் அழவில்லை. மாமா, நீங்க அவர்கிட்ட சொல்றீங்களா, இல்ல நான் இவளைக் கூட்டிட்டுக் கிளம்பட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

ஆனால் அந்தக் குழந்தை நாலாம் அடியில் ‘அருளும் அறிவும்’ என்று சொன்னது. எனக்கு அந்த நேரத்திலும், பாவி எனக்கு அந்த நேரத்திலும், தவறு என்றுதான் நாக்கு துடித்தது. மனப்பாடச் செருக்கில் முப்பது ஆண்டாகத் தொடாத புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பதினேழாம் பாட்டின் பக்கம் தானாகவே திறந்துகொண்டது, ஏனெனில் பழுப்பேறிய கறையால் அது அடுத்த பக்கத்தோடு ஒட்டிக் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். அருளும் அறிவும் என்றுதான் அச்சாகியிருக்கிறது. நீ சரியாகச் சொன்னாய். மூன்றுமுறையும் சரியாகச் சொன்னாய். எனக்கு முன்னால் என் பாடத்தையும், உனக்குள்ளே மெய்யான பாடத்தையும் இத்தனை ஆண்டு வைத்திருந்து, மெய்யானதை உன் மகளுக்குக் கொடுத்திருக்கிறாய், அடியை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாய். நீ தவறாகவே சொல்லியிருந்தாலும் உன்னை அடித்த கை கொடுங்கைதான், அதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அருளை முன்னே வைத்த பிள்ளையை, அறிவுதான் முன்னே என்று அடித்தேன் என்பதை எண்ணினால் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை தண்டோடு பட்டறைக்குப் போனேன். அழித்துவிடத்தான் போனேன். மாப்பிள்ளை, என்ன மாமா இது, என்ன சைஸுக்குக் கடையணும் என்றார். ஒன்றுமில்லாத சைஸுக்கு என்றேன். எட்டிப் பார்த்த டர்னர் நூல் அதைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். இத நீங்க பூட்டின அன்னிக்கே என் கைய சக்குக்குள்ள விட்டிருக்கணும் முதலாளி, மிஷினாவது நின்னிருக்கும் என்றார். அவர் சொல்லி முடிக்கவில்லை, தண்டு என் தலைக்கு மேலே இருந்தது. நான் ஓங்கவில்லை மகனே, அதுவாக ஏறியது. அழிக்க எடுத்து வந்த பொருளை ஆளின்மேல் வீசினேன். எழுபது வயது மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி என்னைச் சுவரோடு அறைந்தார், மாட்டியிருந்த ஸ்பானர்களெல்லாம் எங்கள்மேல் கொட்டின, ஒன்று என் புருவத்தைப் பிளந்தது, என் பல் பட்டு அவர் முழங்கை கிழிந்தது. மூச்சு வாங்க என் முகத்துக்கு நேரே, அடிங்க, இன்னொரு தடவ அடிங்க, நான் ஒண்ணும் ஒம்பது வயசுப் புள்ள இல்ல என்றார். மாப்பிள்ளை நடுவில் புகுந்து பிரித்தார். புருவத்தில் நான்கு தையல். மருத்துவர் கேட்டார், படியில் விழுந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஒருவரை அடிக்கப் போனேன், அவர் தடுத்தார் என்றேன்.

அதன்பின் தையலோடு திரும்பி வந்து தண்டை நானே சக்கில் பூட்டினேன். நூலும் பக்கத்தில் நின்றார். பெயர் போயிற்று, சொரசொரப்பு போயிற்று, கடைசியில் சுருள் சுருளாகச் சீவல் மட்டும் இருந்தது, அதைப் பழைய இரும்போடு கூடச் சேர்க்காமல் குப்பையில் கொட்டச் சொன்னேன். கருவி போய்விட்டது. கை போகவில்லை. அதைத்தான் உனக்குச் சொல்லவேண்டும். நாற்பது ஆண்டு விடியலில் நான் ஓதிய மறைமொழி என் நாவில் படிந்தது என்று நினைத்தேன், படிந்தது என் கையில், ஓங்குதலாகப் படிந்தது. முப்பத்தொரு நாளில் உன் மகள் ஒரு பழக்கம் கற்றிருக்கிறாள் என்றால் அது குனிதல். நீ ஒன்று கற்றிருக்கிறாய், அது உனக்குத் தெரியாமலே இருக்கும், எனக்குத் தெரியாமல் இருந்ததுபோல.

இப்போது நான் கேட்பது இவ்வளவுதான். அந்த அட்டவணையைச் சுவரிலிருந்து கிழித்துவிடு, மூன்றாவது அளவுகோல் இருந்தால் உன் கையாலேயே ஒடித்துவிடு. குழந்தை தூங்கட்டும். அவள் பாட்டு விரும்பினால் மடியில் வைத்துக்கொண்டு சொல், தவறினால் நீ சரியாகச் சொல், மறுபடி தவறினால் மறுபடி சொல், அதற்கு மேல் ஒன்றுமில்லை. மருமகள் கிளம்பினால் நான் அவள் பக்கம். மாடியறையைத் துடைத்து வைத்துவிட்டாள் உன் அம்மா, சாவியும் அவளிடமே இருக்கிறது. இதை மிரட்டலாக எழுதவில்லை, நீ பின்னால் கேட்டு அதிரக்கூடாதே என்று எழுதுகிறேன். உன்னிடம் மன்னிப்பு இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை, அதை நேரில் வந்து கேட்கவேண்டும், அதற்குள் கேட்கத் தகுதியுள்ளவனாக வேண்டும்.

ஒன்றை நினைவில் வை. இந்தக் கடிதம் வந்து சேரப் பத்து நாளாகும், பத்து விடியலை நான் விட்டுவைக்க முடியாது. ஆகவே கடிதத்துக்குக் காத்திராமல் நாளை முதலே உங்கள் ஊர் நாலே முக்காலுக்கு என் போன் வரும், ஏன் என்பது இதைப் படிக்கும்போது உனக்குத் தெரியும். இங்கே அப்போது பட்டறையில் எல்லா மிஷினும் ஓடும் நேரம், நான் வாசலில் வந்து நிற்பேன். எடு. பேச ஒன்றுமில்லாவிட்டாலும் வைக்காதே. அவள் தானாக விழித்து அறையைவிட்டு வரும்வரை நாம் இருவரும் அப்படியே இருப்போம், ஆளுக்கு ஒரு கையில் போன் இருக்கும், அவ்வளவு நேரமும் அந்தக் கை வேறெதையும் எடுக்காது. தினமும் செய்வோம்.

உன்னையும், உன் வீட்டை இதுவரை காத்து நிற்கும் மருமகளையும், அந்தப் பொக்கைவாய்ச் செல்வத்தையும் இறைவன் தன் அருளில் வைக்கட்டும். உங்கள் வீட்டு விடியல் சத்தமின்றிப் புலரட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா