வேர் வாங்க வந்தவர்

புதுக்கோட்டை,
தூத்துக்குடி மாவட்டம்.

அன்புள்ள ஜெனிலாவுக்கு,

கர்த்தர் உன்னையும் உன் ஆய்வகத்தையும் காப்பாராக. நான் சுகம். மாத்திரை தவறவில்லை.

நீ கேட்ட மூக்கிரட்டை வேர் தயார். வேம்பார் சாலையில் உப்பளத்து ஓரம் தோண்டியது. கழுவி, வெயில் படாமல் படுக்கையறையிலேயே உலர்த்தினேன். ஒரு வாரமாகக் கட்டிலில் உன் பக்கம் முழுக்க வேர்தான்.

உன்னோடு ஆய்வு செய்யும் தளவாய் நேற்று ஊருக்குப் போகிற வழியில் வந்தார். நல்ல மனிதர். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சீலா மீன் குழம்பை ருசித்துச் சாப்பிட்டார். வேரில் உள்ள ஆன்டி-ஆக்சிடன்ட் சத்தை எப்படி அளக்கிறீர்கள் என்றும் விளக்கினார். ஊதாக் கரைசலில் வேரின் சாற்றை விட்டால் நிறம் வெளுக்குமாம். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு சத்து. வைட்டமின் சி எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்து, அதோடு ஒப்பிட்டுத்தான் வேருக்கு மதிப்புப் போடுவீர்களாம். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னவன் நான். நேற்று சாப்பாட்டு மேசையில் என்னையும் அவரையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் தலையில் முடி இருக்கிறது.

"மேடம் சிரிச்சாவன்னா பக்கத்து லேப்ல இருந்து எட்டிப் பாக்காவ சார்" என்றார். எனக்கு அந்தச் சிரிப்பு கேட்டு நாளாயிற்று. போனில் நீ என்னிடம் கேட்பதெல்லாம் மாத்திரையும் தண்ணீர் மோட்டாரும்தான்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "புராஜெக்ட்ட இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிச்சிருக்காவ சார். மேடம் உங்ககிட்ட கேக்க யோசிக்காவ" என்றார்.

ஐம்பது வயதில் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கோயம்புத்தூர் ரயிலில் ஏற்றியவன் நான். என்னிடம் கேட்க என்ன யோசனை?

ஒரு உதாரணம் சொல்கிறேன். என் வகுப்புப் பிள்ளை ஒரு சந்தேகத்தை என்னிடம் கேட்காமல் பக்கத்து வகுப்பு சாரிடம் போய்க் கேட்டால், பிள்ளை மேல் எனக்குக் கோபம் வராது. நான் எப்போது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன் என்றுதான் மனசு அரிக்கும். அந்தச் சார் மேல் மட்டும் கொஞ்சம் கோபம் வரும்.

இரு ஜெனிலா. இரண்டு வருஷமும் இரு. எனக்கு முழுச் சம்மதம். ஆனால் உன் சேதி எதுவானாலும் முதலில் என் காதுக்கு வரட்டும்.

தளவாய் நாளை திரும்பும் வழியில் பொட்டலத்தை எடுத்துக்கொள்வார். கடிதமும் அதற்குள் இருக்கிறது. நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

உன் கையின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. அடுத்த முறை வேர் வாங்க நீயே வா.

உன்,
ஜேசுபாதம்