ஒரே அலைவரிசையில் இரண்டு குரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கண் எப்படி இருக்கிறது, சொட்டு மருந்தை ஒழுங்காகப் போடுகிறாயா? போனில் கேட்டால் நடுவில் "சாப்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு வேடிக்கை. கப்பலுக்கு வழிகாட்டும் கருவி, மேசைமேல் சும்மா இருந்தபடியே, தான் நகர்ந்துகொண்டிருப்பதாகக் காட்டியது. நம் நாட்டுச் செயற்கைக்கோள்களும் இன்னொரு நாட்டுச் செயற்கைக்கோள்களும் ஒரே அலைவரிசையில் பேசுவதால் வந்த குழப்பம். மேலாளர் கையை விரித்துவிட்டார். "அவங்க சிக்னல வடிகட்டினா நம்மளதும் சேர்ந்துல்ல போயிடும்?"

"வடிகட்ட வேணாம் சார். அவங்க குரலையும் கருவிக்குப் பழக்கிடுவோம். யாருதுன்னு தெரிஞ்சா, அதக் கழிச்சிட்டு நம்மளதக் கேட்டுக்கும்," என்றேன்.

ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் தனித் தாளம் உண்டு. இரண்டு நாட்டுத் தாளங்களையும் கருவிக்குச் சொல்லிக்கொடுத்தோம். இப்போது அது மேசையை விட்டு அசைவதில்லை. "இந்த யோசனை எங்கேர்ந்து வந்துச்சு?" என்று மேலாளர் கேட்டார். ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்தும் வீட்டிலிருந்து என்று சொல்லாமல் சிரித்துவைத்தேன்.

சித்தி அனுப்பும் பார்சலில் தலையணை உறை இரண்டு வை. புதிதாக வாங்காதே, வீட்டில் போட்டிருப்பதையே கழற்றி அனுப்பு.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது எல்லாரையும் அடக்கி, வரிசையாகப் பேசவைக்காதே. அப்பா டிவியை நிறுத்த வேண்டாம், குக்கரும் கத்தட்டும். போனை நடுவில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். யார் குரல் எதுவென்று நான் பிரித்துக்கொள்வேன்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ் வந்துவிட்டது.

உன் மகள்