அவுட் என்று சொன்னவன் நான்

போடி,
வியாழக்கிழமை

பிரின்ஸ் மச்சானுக்கு, உங்கள் தங்கை ஜெஸ்லினின் வீட்டுக்காரன் கார்த்திக்ராஜ் எழுதுவது.

இன்று காலை 9.10க்கு கர்ணனுக்கு ஜாமீன் கிடைத்த செய்தி வந்தது. 9.14க்கு உங்கள் வாய்ஸ் மெசேஜ். "மாப்ள, ஞாயித்துக்கெழம கட்டப்பனையில இருந்து எறங்குறேன். அவன் பேட் புடிச்ச கைய எடுத்துட்டுத்தான் அம்மா மொகத்துல முழிப்பேன்." அத்தை பக்கத்தில்தான் இருந்தார்கள். அப்போதிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

உங்கள் மனைவி இவாஞ்சலின் தங்கச்சி இங்கே வந்திருக்கிறது. "ஏலக்கா பூராம் அழுகுதுண்ணே. மருந்தடிக்கப் போகாம அருவாளத் தீட்டிக்கிட்டு இருக்காக" என்று அழுதது. நாளை அது ஜீப்பில் அங்கே திரும்பும்போது இந்தக் கடிதத்தை அதன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நான் போலீசிலும் சொல்லாத ஒன்று இருக்கிறது.

பள்ளத்தாக்குக் கோப்பை ஃபைனல், போடிக்கும் சின்னமனூருக்கும். இருபதாவது ஓவர், கடைசிப் பந்து. சின்னமனூர் கர்ணன் இரண்டாவது ரன்னுக்கு ஓடி வந்தான். ரன் அவுட்டா என்று அம்பயர், ரீப்ளே பார்த்துச் சொல்ல டிவி முன்னால் உட்கார்ந்திருந்த என்னைக் கேட்டார். என்னிடம் இரண்டு கேமரா. ஒன்று ஸ்டம்பைப் பார்க்கும், இன்னொன்று கிரீஸ் கோட்டை. கோட்டுக் கேமராவுக்கு வயர் இல்லை, படம் கொஞ்சம் பிந்தி வரும். அதனால் ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் ஜெஸ்லின் பிட்ச்சில் நின்று ஒரு தடவை கை தட்டுவாள். அதைப் பார்த்து இரண்டு படத்தையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவருவேன்.

அன்று சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்று அவசரம். "ஒரு நிமிஷங்க, தட்டிட்டு வந்துர்றேன்" என்றாள். "நேத்து செட்டிங்கே போதும், ஒக்காரு" என்றேன். காலையில் கோட்டுக் கேமராவின் ரிசீவரை மாற்றியது எனக்கு ஞாபகமே இல்லை.

ஸ்டம்ப் சிதறும்போது பேட் கோட்டுக்கு வெளியே தெரிந்தது. மைக்கில் அவுட் என்று சொன்னேன்.

"ஏலே டப்பாக்காரா, ஒரு மொழம் உள்ள நிக்கிறேன், கண்ணு அவிஞ்சு போச்சாடா?" என்று கர்ணன் பேட்டோடு ஓடி வந்தான். இரண்டு ஊரும் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு மோதின. ஒருவன் வாயில் குத்திய ஸ்டம்ப் கன்னத்தைக் கிழித்து வெளியே வந்தது. கர்ணன் ஓங்கியது எனக்கு. ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த ஜெஸ்லின் குறுக்கே எழுந்தாள். காதுக்குப் பின்னால் விழுந்தது. மைக் அவள் முன்னால் இருந்ததால் அந்தச் சத்தம் என் ஹெட்போனில் கேட்டது.

பிறகு நம் ஆட்கள் கர்ணனை மிதித்தார்கள். அவன் இடது முழங்கை பின்பக்கம் மடங்கியது. பார்த்துக்கொண்டு நின்றேன். போதாது என்றுதான் தோன்றியது.

போன வாரம்தான் பதிவை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தேன். பதினோரு ஃபிரேம் வித்தியாசம். கர்ணன் உள்ளேதான் இருந்தான், மச்சான்.

ஜெஸ்லினுக்கு அவன் செய்தது கொலைதான். அதில் மாற்றமில்லை. ஆனால் உள்ளே நின்றவனை ஊர் முன்னால் வெளியே தள்ளியது நான். கையை எடுப்பதென்றால் என் கையும் அந்தக் கணக்கில்தான் வரும். நாளை பதிவை ஸ்டேஷனில் கொடுத்துவிடுவேன்.

அத்தைக்கு இனி நீங்கள் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை வெறும் கையோடு வாருங்கள். கர்த்தர் உங்கள் கையைக் காக்கட்டும்.

இதைப் படித்ததும் கூப்பிடுவீர்கள். "வெட்டவா வேணாமா, நீ சொல்லு மாப்ள" என்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் வெட்டுங்கள் என்று சொல்லிவிடுவேன். அதனால் போனை அணைத்துவிட்டேன்.

கார்த்திக்ராஜ்