வேணும்னுதான் விட்டுட்டுப் போறேன்

என்னங்க,

குட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கே மண்டையில சின்னதா ஓட்டை போட்டு, மூளைக்குள்ள அந்த ஜீன் மருந்தை ஏத்துறாங்க. கையெழுத்து நான்தான் போட்டேன்.

"இந்த மருந்தை முதல்ல போட்டுக்கிட்ட பையன் எப்படி இருக்கான்னு தெரியாம வேணாம்"னு நீங்க கத்தினது நியாயம்தான். ஆனா நேத்திலிருந்து இவளுக்குத் தண்ணிகூட முழுங்க வரல. இனி எதுக்குக் காத்திருக்கிறது?

சாப்பாடு ஃபிரிட்ஜுல இருக்கு. கோவத்துல பட்டினி கிடக்காதீங்க. மனசு ஆறினா, அவ யானைப் பொம்மையை எடுத்துட்டு வாங்க. வரும்போது வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துடுங்க.

பி.கு.: என் போன் டிவி மேல இருக்கு. மறந்துட்டுப் போகல. ஒரு வாரமா நம்ம போனை எடுக்காத அந்தப் பையனோட அம்மா, இதை எழுதுறதுக்குள்ள மூணு தடவை கூப்பிட்டுட்டாங்க. நான் எடுக்கல. ஆபரேஷன் முடியற வரைக்கும் நீங்களும் எடுக்காதீங்க.