நாலாவது பிரதி

20 ஜனவரி 2014, திங்கள்

கார்கோவில் பெட்டிகள் வந்துவிட்டன. மூன்று சர்வர். துபாயில் அத்தானின் கம்பெனி கழித்துப் போட்டவை. வேண்டிய சாஃப்ட்வேர் எல்லாம் அவரே அங்கு ஏற்றி, ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார். நல்ல பெட்டியென்றால் கம்பெனிக்காரன் ஏன் கழிக்கிறான்? ஏழு மணிக்கு வழக்கம்போல் போன் வந்தது. அங்கே ஐந்தரை, டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரம். கேட்டேன்.

“ஏட்டி ரெஜிஷா, உனக்கு என்னையும் சந்தேகந்தானா?”



22 ஜனவரி

திட்டம் இதுதான். எடுக்கிற ஒவ்வொரு கல்யாண வீடியோவும் மூன்று பெட்டியிலும் ஒரே நேரத்தில் ஏறும். ஒன்று செத்தாலும் மற்றது காக்கும். இரண்டு பெட்டி ஸ்டுடியோ பின்னறையில், ஒன்று மாடியில் வீட்டில் — கீழே களவு போனாலும் மேலே ஒன்று மிஞ்சட்டும்.

போன வருடம் ஒரு டிஸ்க் செத்து ஒரு கல்யாணமே போனது. கருங்கல் சந்தை முழுக்க நம் பெயர் நாறியது. இன்னொரு முறை நடந்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

ஆறு வருடமாக நம்மிடம் எடிட்டிங் செய்கிற செல்வதாஸுக்குப் பெட்டிகளைப் பிடிக்கவில்லை. “எதுக்குக்கா இந்தப் பழைய சாமானம்? தனியா ஒரு டிஸ்க்குல போட்டு வச்சா போராதா?” இவனுக்கு ஏன் இத்தனை அக்கறை? கடைப் படம் எதுவும் கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

25 ஜனவரி

பெட்டிகளின் இரைச்சல் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் எட்டிப் பார்த்து, “மாவு மில்லா போட்டிருக்கிய மக்கா?” என்றாள்.

30 ஜனவரி

செல்வதாஸின் பையில் ஒரு கறுப்பு டிஸ்க். எதிர் ஸ்டுடியோ ஜெபதாஸோடு நின்று டீ குடித்தான். சிரித்தார்கள். அப்படி என்ன சிரிப்பு?

4 பிப்ரவரி, செவ்வாய்

தோவாளை ஆதிராவின் கல்யாணம் முழுக்கப் பெட்டிகளில் ஏறிவிட்டது. கேமரா கார்டுகளைக் காலி செய்தோம். ஐந்தரைக்கு அந்தோணியார் கோயிலில் நவநாள் ஜெபம், போனேன். கடையில் செல்வதாஸ் மட்டும். திரும்பி வந்ததும் அவனை அனுப்பிவிட்டேன். பிறகு அத்தான் போனில் சொல்லச் சொல்ல, சோதனைக்காகத் தோவாளை என்ற பெயரிலேயே போட்டிருந்த இன்னொரு ஃபோல்டரை அழித்தேன். தலைவலி.

6 பிப்ரவரி

தோவாளைக் கல்யாணத்தைக் காணோம். மூன்றிலும் காணோம்!

பெட்டி தானே எழுதி வைக்கும் பதிவைப் பார்த்தேன். செவ்வாய் மாலை 5.40க்கு யாரோ அழித்திருக்கிறார்கள். யார் என்று இல்லை, எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. 5.40க்கு நான் கோயிலில் முழங்காலில் நின்றேன். கடையில் யார் இருந்தது?

7 பிப்ரவரி

செல்வதாஸிடம் கேட்டுவிட்டேன். “நான் தொடல்லக்கா. எனக்க பிள்ள மேல சத்தியம்.” பையைத் திற என்றேன். திறக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றான். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

8 பிப்ரவரி

ஆதிராவின் அம்மா தாணம்மாள் போன். “வீடியோ எப்ப தருவிய? மாப்பிள்ள வீட்டுல கேட்டுட்டே இருக்காவ.” ஒரு வாரம் என்றேன். எந்த வாயால் சொன்னேன்?

10 பிப்ரவரி

செல்வதாஸ் ஜெபதாஸிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சொன்னேனே.

11 பிப்ரவரி, செவ்வாய்

அத்தானோடு பேசிக்கொண்டே பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். “சீக்கிரம் சொல்லுட்டி, இஞ்ச மணி ஆறாச்சு, பஸ் வந்துரும்” என்றார். திரையைப் பார்த்தேன். அதிலும் ஆறு. நம் சுவர்க் கடிகாரத்தில் ஏழரை.

பெட்டிகள் இன்னும் துபாயில்தான் இருக்கின்றன. 5.40 என்றால் இங்கே 7.10. அந்த நேரத்தில் கடையில் இருந்தது நான். போனைக் காதில் வைத்துக்கொண்டு சோதனை ஃபோல்டர் என்று நினைத்து —

கல்யாணமான நாள் முதல் தினமும் அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துக் கழித்துத்தானே அவரோடு பேசுகிறேன். இது எப்படித் தோன்றாமல் போச்சு எனக்கு?

மூன்று இருந்தும் ஏன் போனது என்று அழுதேன். அத்தான் மெதுவாகச் சொன்னார்: “பெட்டி செத்தா மத்தது காக்கும். நாம அழிச்சா மூணும் ஒண்ணுபோல அழிக்கும்.”

12 பிப்ரவரி

செல்வதாஸ் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிச்சிரு மக்கா என்றேன். அவன் உள்ளே போய் அந்தக் கறுப்பு டிஸ்க்கைக் கொண்டுவந்தான்.

“தோவாளைக் கல்யாணம் முழுசும் இருக்கு. அந்தப் பெட்டி மேல எனக்கு நம்பிக்கையே இல்ல, அதான் எடுத்து வச்சேன்.”

“அன்னைக்கே சொல்லப்பிடாதா மக்கா?”

“சொன்னா அதையும் களவுன்னுதானே சொல்லுவிய.”

22 பிப்ரவரி

தாணம்மாளுக்கு வீடியோ கொடுத்தாயிற்று. ஒரு துணிக் கிழி நிறையப் பிச்சிப்பூ கொடுத்துவிட்டாள். தலையில் வைக்க மனம் வரவில்லை.

15 மார்ச், சனி

பெட்டிகளின் நேரத்தை மாற்றிவிட்டேன். இனி மாதம் ஒருமுறை எல்லாப் படமும் தனி டிஸ்க்கில் ஏறி வெளியே ஓரிடத்தில் இருக்க வேண்டும். யாரிடம் கொடுப்பது? யோசிக்க ஒன்றும் இல்லை. இன்று செல்வதாஸிடம் கொண்டுபோனேன். மறுக்கவில்லை. துணியில் சுற்றி அலமாரியில் பத்திரமாக வைத்தான்.

திரும்பவும் நம்ம கடைக்கே வந்தியானா எனக்கு எவ்வளவு நல்லாயிருக்கும் என்று கேட்டேன்.

“அங்கயே இருந்துக்கிடுதேன். டிஸ்க் இஞ்ச பத்திரமா இருக்கும். பயப்படாண்டாம், மேடம்.”

ஆறு வருடமாக அக்கா என்றுதான் கூப்பிட்டான்.