முன்பக்கம் பொத்தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா?

தவளை நீச்சலில் இரண்டு கையும் சேர்ந்தாற்போல் சுவரைத் தொட வேண்டும். பதினொரு வருடம் சேர்ந்தே போன கைகளில் இடக்கை மட்டும் தகுதிப் போட்டியில் பிந்திவிட்டது. நீக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். தோளை அழுத்திப் பார்த்த பயிற்சியாளர், "இனிமே தண்ணியில எறங்காதம்மா, பெட்டியக் கட்டு" என்றார். என்னைத் தவளை என்றே கூப்பிடுகிற மனுஷன்.

முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை இரண்டு தைத்து வை. தலைவழியாகப் போடச் சிரமமாக இருக்கிறது. பின்ன முடியாமல் முடியையும் வெட்டிக்கொண்டேன், திட்டாதே.

அறையைக் காலி செய்யச் சொல்லி வார்டன் கதவைத் தட்டுகிறார். முடிக்கிறேன்.

அப்பா கேட்டால் நடுவருக்குக் கண் சரியில்லை என்று சொல். இரண்டு நாள் திட்டித் தீர்ப்பார். தோள் என்று தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

உன் மகள்